படைப்பதற்கு முன் எடுத்து வைத்தது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் அலுவலகத்தில் வேலை எதுவும் ஓடாது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், மாடியில் இரண்டே அறை. சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்குச் சுங்கக் காகிதங்களைத் தயார் பண்ணிக் கொடுக்கிற ஏஜென்சி. அன்றைக்கு எல்லாரும் துடைப்பமும் பழைய துணியுமாக இறங்கிவிடுவோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றையும் உப்புத் தூசி போகத் துடைத்து வைப்போம். மறுநாள் காலையில் அவையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிடும். டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற பென்டிரைவ் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. பூஜை முடிந்து ஒரு வாரத்துக்கு நாங்கள் அடிக்கிற சீல் எல்லாம் கொஞ்சம் குங்குமச் சிவப்பாகவே விழும்.

நான் கிறிஸ்தவன். அப்பா நாசரேத் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பல் தேய்க்கிற மாதிரி ஒரு பழக்கம். ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அப்பா சொன்னதும் இல்லை.

முதலாளி உடன்குடிக்காரர். கருப்பட்டி வியாபாரக் குடும்பம். அந்த வியாபாரத்தைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு இவர் மட்டும் துறைமுகத்துக்கு வந்து காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் ஏலே என்பார். அவர் வளர்ந்த தெருவில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள் என்பதால் எங்கள் பழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில் என் பக்கம் திரும்பி, "தம்பி, கீழ வண்டி வந்துட்டான்னு பாரு" என்றார். நான் பதறிக்கொண்டு இறங்கிப் போனேன். பூஜை நாளில் எந்த வண்டி வரும்? டீக்கடை ஓரமாக நின்று, மேலே மணிச்சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ஏறி வந்து, "வண்டி வரலை அண்ணாச்சி" என்றேன். "சரி, வந்தா வரட்டும்" என்றார். அதற்கப்புறம் வருஷா வருஷம் எங்களுக்குள் இதே பேச்சுத்தான்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். பூஜைக்குச் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் கொடுத்துக்கொண்டே வருவார். எனக்கு மட்டும் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டுவார். "தம்பி, இது படைக்கதுக்கு முந்தியே எடுத்து வச்சது. தாராளமாச் சாப்பிடுங்க." நானும் வாங்கிச் சாப்பிடுவேன். தேங்காயும் மாங்காயும் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல். டப்பாவைக் கழுவிக் கொடுக்கும்போது, "உப்புக் கொஞ்சம் கம்மி மதினி" என்று குறை வேறு சொல்லியிருக்கிறேன். எனக்கு வர வேண்டிய பங்கு வந்து சேருகிறது என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது.

இந்த ஊரில் கிறிஸ்தவனாக இருப்பது ஆபத்து என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். மாதா கோயில் கொடியேற்றமும் அம்மன் கோயில் கொடை மேளமும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காதில் விழுகிற ஊர். ஆனால் அலுப்பு உண்டு. கிரகப்பிரவேசம் என்றால் ஹோமப் புகை அடங்குகிற நேரம் பார்த்துப் போய் இறங்க வேண்டும். திருநீறு பூச வருகிற கையை, அந்த மனுஷன் முகம் வாடாதபடி விலக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? ராகு காலம் பார்த்துத்தான் பெண் பார்க்கக் கிளம்புவார்கள். கேட்டால், வெயிலுக்கு முன்னே போகலாம் என்று கிளம்பினோம் என்பார்கள். அலுவலகத்துக்கு நான் முரட்டு வேதக்காரன். சபைக்கோ நான் நெளிவு சுளிவுக்காரன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஐம்பது வயதுக்கு மேல் இதில் வீரமும் இல்லை, பெருமையும் இல்லை. சாயங்காலம் முத்தையாபுரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

சபையில் எனக்கு ஒரே ஒரு வேலை. ஞாயிறு ஆராதனையில் எழுந்து போய் வேதாகமப் பாடம் வாசிப்பது. பதினாறு வருஷமாக வாசித்தேன். குரல் அப்பாவுடையது. இழுக்காமல், அழாமல், கடைசிப் பெஞ்சில் இருக்கிற கிழவருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பேன். வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவன் சரக்குக்கு எடையும் எண்ணிக்கையும் டைப் அடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் சொந்தம். உலகத்தில் நான் ஒழுங்காகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அதற்குத்தான் வந்தது வினை. இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை, எனக்கு அங்கே இருபத்திரண்டாவது. வழக்கம் போல வண்டி பார்த்துவிட்டு மேலே வந்தேன். புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண் எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். அண்ணாச்சி என்னை இழுத்து நடுவில் நிறுத்தித் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். எனக்குப் பின்னால் மாலை போட்ட கம்ப்யூட்டர், அதற்கும் பின்னால் சாமி படம். அந்தப் பெண் அதைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எங்கள் சபைக் குழுவில் வந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர், அவருக்கும் ஆயிரம் தலைவலி.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நாலு பேரு கேக்காவ. விக்கிரகத்துக்கு முன்ன நின்னு போட்டோ எடுத்தவரு இங்கன வந்து பாடம் வாசிக்கலாமான்னு கேக்காவ. கொஞ்ச நாளைக்கு வேற யாரையாவது வாசிக்கச் சொல்லட்டுமா?"

நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவிதான் வழி சொன்னாள். "நான் ஒரு நாளும் படைச்சதைத் தின்னதில்லன்னு சனிக்கிழமை உபவாச ஜெபத்துல எந்திரிச்சி ஒரு வார்த்தை சொல்லுங்க. அதோட சனம் வாயை மூடும். நீங்க ஊமையா இருந்தா அவங்க சொன்னதுதான் நிக்கும்."

ஒரு வார்த்தைதான் சொல்லப் போனேன். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரில் நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு செல்போனில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. "இருபத்திரண்டு வருஷமாய் விக்கிரகங்களுக்கு நடுவே வேலை செய்கிறேன்" என்று ஆரம்பித்தேன். "ஸ்தோத்திரம்" என்றது கூட்டம். அந்தச் சத்தம் ஒரு மாதிரிக் கள். பாடம் வாசிக்கும்போது யாரும் எனக்கு ஸ்தோத்திரம் சொன்னதில்லை. "வருஷந்தோறும் படைத்ததை என் கையில் திணிப்பார்கள்" என்றேன். இன்னும் பலமாக ஸ்தோத்திரம். "வேலையே போனாலும் போகட்டும் என்று மறுத்து நின்றேன். முதலாளி முகம் கறுத்தது. ஆனால் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை." பெண்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் அதை முழுசாக நம்பினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் பாடம் வாசித்தேன். ஐயர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மூன்று நிமிஷத்தை யாரோ வெட்டி, சோகமான வாத்தியச் சத்தத்தைச் சேர்த்து, உபத்திரவத்தில் உறுதியாய் நின்ற சகோதரர் என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார்கள். அது சபையைத் தாண்டி, ஊரைத் தாண்டி, லாரி புக்கிங் ஆபீஸ் வழியாக எங்கள் மாடிக்கு ஏறி வர நாலு நாள் ஆயிற்று. நுணலும் தன் வாயால் கெடும். நான் மைக் வைத்துக் கெட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணாச்சி உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"சார், அந்த உப்பு கன்டெய்னர் பேப்பர் முடிஞ்சிட்டா?"

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. முடிந்துவிட்டது என்றேன். "சரி சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால், ஏலே என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுப் பிரச்சினையை முடித்திருப்பேன். அவர் என்னைச் சார் ஆக்கிவிட்டார். சம்பளம் குறையவில்லை, வேலை கூடவில்லை, லீவு கேட்டால் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் தம்பியாக இருந்த இடத்தில் சார் என்று கேட்டுக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணாச்சி "வாங்க" என்றார், போன் பேச வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். மதினி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? நாங்க எப்ப உங்க கையில திணிச்சோம்?"

"திணிக்கலை மதினி. நான் பொய் சொன்னேன்."

அவர் சேலை நுனியை மடித்தார், பிரித்தார். பிறகு, சண்டைக்கான குரலே இல்லாமல் சொன்னார். "எங்க அத்தை இருந்தாவல்லா. அவ்வ இருக்க வரைக்கும் இந்தச் சுண்டலுக்காக எங்கூட வருசா வருசம் சண்டை. ஏளா, சாமிக்கு வைக்கதுக்கு முந்தி நீ ஒரு கரண்டி எடுத்தா அப்புறம் சாமிக்குப் போறது மிச்சம்தான, மிச்சத்தையா படைக்கப் போறன்னு ஏசுவாவ. சரின்னு ரெண்டு அடுப்புல அவிச்சேன். சாமிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. அதுக்கும் விடலை. நல்ல நாளும் அதுவுமா சாமிக்கு முன்ன ஒரு மனுசனுக்கு அடுப்புப் பத்த வைக்கியான்னு மூணு நாள் எங்கூடப் பேச மாட்டாவ. எனக்கும் மனசுக்குள்ள பயந்தான் தம்பி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, இதுனாலதானோன்னு நினைப்பேன். அந்தத் தம்பியும் ஒரு சாமிக்குப் பயந்துதான ஒதுங்கி நிக்காவ, நம்ம சாமி கோவிச்சுக்கிடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுவேன்."

அத்தை, அண்ணாச்சியின் அம்மா, இறந்து நாலு வருஷம் ஆயிற்று. அதன் பிறகும் இரண்டு அடுப்புத்தானாம்.

விசுவாசத்துக்காக ஒரு ஆள் வருஷக்கணக்காக ஏச்சு வாங்கியிருக்கிறார் என்பது உண்மை. அந்த ஆள் நான் இல்லை. என்னுடைய பக்திக்கு உண்டான கஷ்டத்தை எல்லாம் இந்த அம்மா தன் அடுப்படியில் வைத்துப் பட்டிருக்கிறார், அதுவும் தன் சாமிக்குப் பயந்துகொண்டே. நான் டப்பாவைத் திறந்து உப்புப் பார்த்தேன். வெட்கம் என்ற சொல்லை எத்தனையோ தடவை மேடையில் நின்று சத்தமாக வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குக் காது மடல் வரை சூடாக ஏறியது. "காப்பி குடிக்கீயளா?" என்று கேட்டார். குடித்தேன்.

அடுத்த வாரம் ஐயரிடம் போய், சாட்சி சொன்ன இடத்திலேயே அதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அதைக் கேட்டு எத்தனை பேரு தைரியப்பட்டிருக்காவ தெரியுமா அண்ணாச்சி? இப்பப் போயி அதெல்லாம் சும்மான்னு சொன்னா அவங்க என்ன ஆவாவ?"

"பொய்யைக் கேட்டுல்லா தைரியப்பட்டாவ ஐயா."

சனிக்கிழமை ஜெபத்தில் இரண்டு நிமிஷம் கொடுத்தார். எழுந்து சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை, என் முதலாளி என்னை மரியாதையாகத்தான் வைத்திருந்தார், அவர் வீட்டில் எனக்காகத் தனியாகச் சமைத்தார்கள், நான் சொன்னது பொய் என்றேன். மதினியின் இரண்டு அடுப்பையும் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் பழக்க தோஷத்தில் ஆமென் என்றார். ஸ்டாண்டில் இருந்த செல்போனில் அன்றைக்குச் சார்ஜ் இல்லையாம். இருந்திருந்தாலும் அதை வெட்டி அனுப்ப யாருக்கு என்ன அவசரம்? மறு மாதம் பாடம் வாசிப்பவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. "இதுக்கு நீங்க முதல்லயே பேசாம இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி. சரிதானே என்றேன். இப்போது கடைசிப் பெஞ்சில் அந்தக் கிழவர் பக்கத்தில் உட்காருகிறேன். வாசிக்கிறவர் நன்றாக இழுத்து வாசிக்கிறார்.

சபையில் மாற்றிச் சொன்ன மறு திங்கட்கிழமையே அண்ணாச்சியின் மேஜைக்கு முன்னால் நின்று, "சபையில உண்மையைச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கன போயி எதுக்கு சார் சொல்லுதீய? நாங்க என்ன அந்தச் சபையிலயா இருக்கோம்? அந்த வீடியோவை எங்க சம்பந்தக்காரங்க பாத்துட்டாவ. என் மகளே போன் பண்ணி, அப்பா, நீங்க ஆளைப் போட்டு அப்படியா நெருக்குதீயன்னு கேக்கா. அவகிட்ட நான் என்ன சொல்ல? வண்டி பாக்க அனுப்புவேன்னு சொல்லவா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கிரீனுக்குத் திரும்பிவிட்டார்.

போன வருஷமும் ஆயுத பூஜை வந்தது. தூசி தட்டினோம், ஸ்டாம்புகளைக் கழுவினோம். வேறு வேலை தேடிப் போயிருக்கலாம்தான், ஆனால் இந்த வயதில் யார் கூப்பிடுகிறார்கள்? அப்படியே கூப்பிட்டாலும் இந்த வீட்டாரை விட்டுப் போக எனக்கு மனசு இல்லை. கற்பூரம் ஏற்றுகிற நேரம் அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. நானாகக் கீழே இறங்கிப் போயிருக்கலாம். போக முடியவில்லை. கதவோரம் தலையைக் குனிந்து நின்று, என் ஆண்டவரிடம் எனக்குத் தெரிந்த மாதிரி அவர்கள் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டேன். அது கேட்டிருக்குமா என்று தெரியாது.

பூஜை முடிந்தது. மதினி இலைத் துண்டுகளோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் வந்ததும், மற்றவர்களுக்கு நீட்டியது போலவே சுண்டல் வைத்த இலையை எனக்கும் நீட்டினார்.

"இந்த வருசம் ஒரே அடுப்புத்தான் தம்பி. எல்லாம் படைச்சது."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது. அந்த அசதி எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

"வேண்டாம் மதினி" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்த இலையை அடுத்த ஆளிடம் கொடுத்தார். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றி எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுச் சாப்பாட்டை நான் வேண்டாம் என்று மறுத்தது அதுதான் முதல் தடவை.